வேப்ப மரம் காய்கிறது! வெட்டலாமா, விடலாமா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கிறது வேப்பனப்பள்ளி. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழுகிற பூமி. நாம் வேப்ப மரம் என்கிறோம். தெலுங்கர் வேப்ப செட்டு என்கிறார்கள். கன்னடத்தார் பேவு என்கிறார்கள். யுகாதி அன்று வேம்பு இல்லாமல் பொழுது விடியாத வீடுகள் இங்கே ஏராளம்.

அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் பெரிய வேப்ப மரம். கிளைகளின் நுனியெல்லாம் கருகிக் கிடந்தன. நெருப்பில் வாட்டி எடுத்ததுபோல் இருந்தது.

மரத்தடியில் தாய்க்கும் மகனுக்கும் வாக்குவாதம்.

"வெட்டிடலாம் அம்மா. காத்தடிச்சா ஓட்டு மேலே விழும். உள்ளே புள்ளைங்க தூங்குதுங்க" என்றார் மகன்.

"உனக்குத் தூளி கட்டின மரம்டா இது. அம்மன் மரத்திலே கோடாலி வைக்காதே!" என்றார் தாயார்.

இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் இரண்டு பேரும் மரத்தின் தலையைப் பார்த்தே பேசினார்கள். பார்க்க வேண்டிய இடம் வேறு.

இது என்ன நோய்?

இதற்கு நுனிக்கருகல் என்று பெயர். ஒரு வகைப் பூஞ்சைதான் காரணம். 1990-களில் வடக்கே டேராடூன் பக்கத்தில் இந்த நோய் தெரியவந்தது. மைசூர் ஆராய்ச்சியாளர்கள் 1997-ல் அந்தப் பூஞ்சையை விவரித்து, போமாப்சிஸ் அசாடிராக்டே என்று பெயர் வைத்தார்கள். வாயில் நுழையாத பெயர்; மரத்தில் மட்டும் சுலபமாக நுழைந்து விடுகிறது! கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு எல்லாவற்றிலும் இது உண்டு. 2021-ல் தெலங்கானாவில் ஊர் ஊராக வேப்ப மரங்கள் காய்ந்தபோது மக்கள் பதறிப் போனார்கள்.

பூஞ்சைக்குத் துணையாக ஒரு பூச்சியும் உண்டு. தேயிலைக் கொசு என்பார்கள். பெயரில்தான் கொசு, நம்மைக் கடிக்காது. ஊசி போன்ற வாயைத் தளிரில் செருகிச் சாற்றை உறிஞ்சும். குத்திய இடம் கருகும்.

மழைக் காலத்தில் தொடங்கும் கருகல், பனிக் காலத்தில் முற்றும். அப்போது மரத்தைப் பார்த்தால் செத்துவிட்டது என்றே தோன்றும். ஆனால் பனி விலகியதும் பல மரங்கள் மறுபடி துளிர்த்து விடுகின்றன. கார்த்திகையில் கோடாலி எடுத்தவர், பங்குனிவரை பொறுத்திருந்தால் பச்சை இலையைப் பார்த்திருப்பார். அதற்காக நோயை அலட்சியம் செய்யவும் கூடாது. பலமாகத் தாக்கிய மரத்தில் பூவும் இராது, காயும் இராது. ஆண்டுதோறும் கருகினால் மரம் நலிந்து போகும்.

நகம் போதும்

உயிர் இருக்கிறதா என்று அறிய மருத்துவர் வேண்டாம். கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, காய்ந்து இருந்தால் அந்த இடம் செத்துவிட்டது. இன்னும் கீழே வந்து சுரண்டுங்கள். பச்சை தெரியும் இடம்வரை கருகிய குச்சிகளை வெட்டி எடுத்து எரித்து விடவேண்டும். நோய் கண்ட மரத்தின் கொட்டையை விதைக்கு எடுக்காதீர்கள். விதை வழியாகவும் நோய் பரவும். மருந்து தெளிப்பதானால் வேளாண்மை அலுவலரைக் கேட்டுச் செய்யுங்கள். குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் யாரோ சொன்னார் என்று விஷத்தை அடிக்க வேண்டாம்.

காலைப் பாருங்கள்!

இலை கருகியதற்காக மரம் சாய்வதில்லை. வேர் அழுகினால் சாயும். அடித்தண்டு பொந்தானால் முறியும். 2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. அன்று விழுந்தவை பட்ட மரங்கள் மட்டுமா? பச்சைப் பசேலென்று நின்ற ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன.

மரத்தின் அடியில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருக்கிறதா? தட்டினால் பானைபோல் ஓசை வருகிறதா? நேராக நின்ற மரம் புதிதாகச் சாய்கிறதா? ஒரு பக்கம் மண் வெடித்துத் தூக்கியிருக்கிறதா? சாக்கடைக்கும் குழாய்க்கும் பள்ளம் தோண்டி வேரை வெட்டினீர்களா? இவற்றில் ஒன்று இருந்தாலும், விழுந்தால் வீட்டை எட்டும் மரத்தை விவரம் தெரிந்தவரிடம் காட்டிவிட வேண்டும். வீட்டை, வழியை, மின்கம்பியை எட்டாத மரமா? பட்ட மரமானாலும் நிற்கட்டுமே. பொந்தில் கிளி குடியிருக்கும்.

சாலையோர மரம், புறம்போக்கு மரம் என்றால் நாமாக வெட்டக்கூடாது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் பசுமைக் குழு இருக்கிறது. அனுமதி வாங்க வேண்டும். கம்பி பக்கத்தில் இருந்தால் மின்வாரியத்துக்குச் சொல்லாமல் ஏறவே கூடாது.

இனி அந்த வீட்டுக்கு வருவோம்.

மகன் நகத்தால் சுரண்டினார். வேம்பின் தண்டில் நல்ல பச்சை. அடிமரம் கல்போல் இருந்தது. ஓட்டுக்கு மேலே நீட்டியிருந்த ஒரு கிளை மட்டும் முழுக்கச் செத்திருந்தது. அதை மட்டும் கயிறு கட்டி இறக்குவது என்று முடிவாயிற்று. தாயார் முகத்தில் சிரிப்பு.

வீட்டின் பின்பக்கம் ஒரு புங்க மரம். ஓர் இலைகூட வாடவில்லை. அதன் நிழலில்தான் கயிற்றுக் கட்டில் கிடந்தது. பேரக் குழந்தை அதில் தூங்கிக்கொண்டிருந்தது. போகிற போக்கில் அதன் அடியையும் பார்த்தோம். உள்ளங்கை அகலத்தில், அரக்கு நிறத்தில், வரிசையாகக் காளான்கள்! மகன் கட்டையால் தட்டினார். "டொம்" என்றது.

யாரும் பேசவில்லை. தாயார்தான் முதலில் நகர்ந்தார். குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, "கட்டிலைத் தூக்குடா" என்றார்.