அட்டையில் எழுதிய எண்ணை யார் படிப்பது?

பச்சரிசியை அள்ளி வாயில் போட்டு மென்றுகொண்டே வேலை பார்க்கும் கர்ப்பிணியைப் பார்த்திராத வீடு நம் ஊரில் குறைவு. சிலருக்குத் திருநீறு, சிலருக்கு அடுப்புச் சாம்பல், சிலருக்கு மழையில் நனைந்த மண்சுவர். "மசக்கைக்காரி, ஆசைப்பட்டதைத் தின்னட்டும்" என்று பாட்டிமார் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார்கள். பழக்கம் மிகப் பழையது. புறநானூற்றின் 20ஆம் பாட்டில் சேர மன்னன் ஒருவனைப் புகழும் குறுங்கோழியூர் கிழார், அவன் நாட்டு மண்ணைப் பகைவர் உண்டதில்லை, கருவுற்ற பெண்கள்தாம் ஆசைப்பட்டு உண்கிறார்கள் என்கிறார்.

மன்னனுக்கு அது பெருமை. மருத்துவருக்கு அது ஒரு துப்பு. அரிசி, மண், சாம்பல் என்று கை போவதற்கும் உடலில் இரும்புச் சத்து குறைவதற்கும் தொடர்பு உண்டு. மண்ணோடு குடற்புழு முட்டைகளும் உள்ளே போனால், இருக்கும் கொஞ்ச ரத்தத்துக்கும் பங்காளி வந்துவிடும். ஆகவே, பச்சரிசி தின்னும் பெண்ணைக் கண்டால் திட்டவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

தமிழ்நாட்டில் இன்று 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன என்கிறது 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. பெரிய சாதனைதான். ஆனால் அதே கணக்கெடுப்பு, கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்றும் சொல்கிறது. 2015-16இல் இது 44.4 ஆக இருந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்குச் சோகை. நான்கில் ஒரு குழந்தை வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருக்கிறது. பிரசவ அறைவரை அரசும் மருத்துவமும் வந்துவிட்டன. மிச்சமிருக்கும் ஆபத்துகள் பெரும்பாலும் சமையலறையிலும் சாப்பாட்டுத் தட்டிலும் மாத்திரை வைக்கும் அலமாரியிலும் இருக்கின்றன.

கர்ப்பிணியின் கையில் கொடுக்கப்படும் தாய் சேய் நல அட்டையில் அந்த ஆபத்துகளில் பல, எண்களாகவே எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு பரிசோதனையின்போதும் செவிலியர் எழுதித் தருவார். வீட்டுக்கு வந்ததும் அட்டை பைக்குள் போய்விடும். அடுத்த மாதம்தான் வெளியே வரும்.

11, 10, 7

கர்ப்ப காலத்தில் உடலில் ரத்தத்தின் அளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. அதில் நீர்ப்பகுதி வேகமாகவும் சிவப்பணுக்கள் மெதுவாகவும் கூடுவதால் ரத்தம் கொஞ்சம் நீர்த்துப் போவது இயல்பு. அதனால்தான் மற்றப் பெண்களுக்கு 12 கிராம் என்றிருக்கும் ஹீமோகுளோபின் வரம்பு கர்ப்பிணிக்கு 11. அதற்குக் கீழே போனால் சோகை. 10க்குக் கீழே நடுத்தரம், 7க்குக் கீழே கடுமை. "கொஞ்சம் ரத்தம் கம்மியா இருக்காம்" என்று வீட்டில் சொல்லும்போது இந்த மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. 10.5க்கும் 6.5க்கும் ஒரே மாதுளம்பழம்தான் வைத்தியம்.

மாதுளையும் பீட்ரூட்டும் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்பது நிறத்தை நம்பிப் போடும் கணக்கு. இரண்டிலுமே இரும்பு குறைவு. அந்தக் காசுக்கு ஆட்டுச் சுவரொட்டி வாங்கிச் சமைத்துக் கொடுத்த பழைய தலைமுறையின் கணக்கு சரியாக இருந்தது. சுவரொட்டி என்பது மண்ணீரல். அதில் இரும்பு நிறைய, உடலும் எளிதில் எடுத்துக்கொள்ளும். சைவக்காரர்கள் கீரை, பயறு, கேழ்வரகு என்று சாப்பிடலாம். ஆனால் தாவர இரும்பை உடல் எளிதில் விடாது. கூடவே எலுமிச்சையோ நெல்லியோ கொய்யாவோ இருந்தால் இளகிக் கொடுக்கும். கூடவே டீயோ காபியோ இருந்தால் கொடுக்காது.

எப்படிச் சாப்பிட்டாலும் கர்ப்ப காலத்துத் தேவையை உணவு மட்டும் ஈடுகட்டுவது கடினம் என்பதால்தான் மாத்திரை. 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரையை, நான்காம் மாதம் முதல் தினம் ஒன்றாக 180 நாள், பிள்ளை பெற்ற பிறகு இன்னும் 180 நாள் சாப்பிட வேண்டும். இலவசமாகவே கிடைக்கிறது. அது வயிற்றுக்குள் போகிறதா என்பதுதான் கேள்வி. குமட்டுகிறது, மலம் கறுக்கிறது, மலச்சிக்கல் வருகிறது. போதாக்குறைக்கு, "பிள்ளை கறுப்பாப் பொறக்கும்" என்று யாராவது ஓதிவிடுகிறார்கள். மலம் கறுப்பது உண்மை. அதனால் கெடுதல் இல்லை. பிள்ளையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லை.

ஒழுங்காகச் சாப்பிடுபவர்களிடமும் ஒரு தவறு நடக்கிறது. இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் ஒரே கவரில் வருவதால் இரண்டையும் ஒன்றாக வாயில் போட்டு, மேலே ஒரு வாய் டீ. கால்சியமும் டீயும் சேர்ந்து இரும்பைத் தடுத்துவிடும். மாத்திரை எண்ணிக்கை குறைகிறது, ஹீமோகுளோபின் ஏறவில்லை, "எனக்கு மாத்திரை ஒத்துக்கல" என்கிறார் அந்தப் பெண். கால்சியத்தைக் காலையும் மதியமும் சாப்பாட்டோடு எடுத்துக்கொண்டு, இரும்பை இரவு படுக்கும் முன் எலுமிச்சை ஜூஸோடு விழுங்கினால் போதும். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகும். கர்ப்பிணிகள் வரிசை வாசல்வரை நிற்கும் நாளில் அந்த இரண்டு நிமிடம்தான் செவிலியருக்குக் கிடைப்பதில்லை.

ரத்தசோகையோடு பிரசவத்துக்குப் போகும் பெண், மற்றவர் தாங்கிக்கொள்ளும் ரத்தப்போக்கைத் தாங்க மாட்டார். குறைமாதத்தில் பிள்ளை பிறக்கும், இரண்டரை கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் வாய்ப்பும் கூடுகிறது. கடைசி மூன்று மாதத்தில்தான் பிள்ளை தாயிடமிருந்து இரும்பைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது; முதல் ஆறு மாதம் அந்தச் சேமிப்பில்தான் ஓடும். தாயிடம் இல்லாதது பிள்ளைக்கும் இல்லை.

எடையும் சர்க்கரையும்

"நிறையச் சாப்பிட்டா பிள்ளை பெருசாகி ஆபரேஷன் ஆயிடும்" என்று தட்டைக் குறைக்கும் வீடுகள் உண்டு. "ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்" என்று தட்டை நிரப்பும் வீடுகளும் உண்டு. உண்மையில் ஒரு கர்ப்பிணிக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது நாளைக்குச் சுமார் 350 கலோரி. இரண்டு இட்லி, ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை: ஏறத்தாழ அவ்வளவுதான். ஆனால் புரதம், கடைசி மூன்று மாதத்தில் தினமும் 22 கிராம் கூட வேண்டும். முட்டையும் மீனும் பருப்பும் அங்கேதான் வருகின்றன. கூடுதல் சோறு வருவதில்லை.

எவ்வளவு எடை ஏறலாம் என்பது, கர்ப்பத்துக்கு முன் எவ்வளவு இருந்தார் என்பதைப் பொறுத்தது. மெலிந்தவர் பன்னிரண்டரை கிலோவுக்கு மேல் ஏறினால்தான் சரி. உடல் பருமன் உள்ளவருக்கு ஐந்திலிருந்து ஒன்பது கிலோ போதும். தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். குண்டாக இருப்பவருக்குச் சோகை வராது என்று நினைக்க வேண்டாம். வயிறு நிறையச் சோறும் ரத்தத்தில் குறைவாக இரும்பும் ஒரே உடம்பில் சேர்ந்தே இருக்கும்.

கர்ப்ப காலச் சர்க்கரை நோய்க்கு நாடு முழுவதும் பயன்படும் எளிய பரிசோதனை சென்னையில் உருவானது. சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாமல் வந்திருந்தாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள்; 140 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை. வெறும் வயிற்றோடு பேருந்தேறி வரச் சொன்னால் பாதிப் பேர் வர மாட்டார்கள் என்பது தெரிந்த மருத்துவர் வி. சேஷையா இதற்கு முன்னின்றார். அவருடைய பிறந்த நாளான மார்ச் 10, இந்தியாவில் கர்ப்ப காலச் சர்க்கரை விழிப்புணர்வு நாள். குளுக்கோஸ் தண்ணீர் குமட்டுகிறது என்று பாதியைக் கொட்டிவிட்டால் பரிசோதனை பொய்யாகிவிடும்.

ஃபோலிக் அமிலத்தைப் பற்றி ஒன்று. பிள்ளையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான நரம்புக்குழாய், கரு உருவான 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. அப்போது பல பெண்களுக்குக் கருவுற்றதே தெரிந்திருக்காது. ஃபோலிக் அமில மாத்திரையைப் பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே தொடங்க வேண்டும்.

சேனையிலிருந்து பருப்புத் தண்ணீர்வரை

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் தமிழ்நாட்டில் 60 சதவீதம்தான். மருத்துவமனையில் பிறந்தும் இந்த நிலை. நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன் ஆவது ஒரு காரணம்; தாய் மயக்கம் தெளியட்டும் என்று காத்திருப்பதற்குள் சேனை வந்துவிடும். வீட்டில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்த ஒருவர் விரலில் சீனித் தண்ணீரோ தேனோ தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைப்பார், அவர் குணம் பிள்ளைக்கு வருமாம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைப் பாக்டீரியா வித்து, ஒரு வயது ஆகாத குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும். தெருவில் ஓட்டிவரும் கழுதைப் பாலும், கல்லில் உரைத்துக் கொடுக்கும் மருந்தும் ஆறு மாதத்துக்குள் தேவையே இல்லை. சித்திரை வெயிலிலும் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

தாய்க்குப் பத்தியம் என்ற பெயரில் நடப்பதையும் சொல்ல வேண்டும். பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, நெத்திலிக் கருவாடு எல்லாம் நல்ல சாப்பாடு, வாழ்க. ஆனால் தண்ணீரை அளந்து கொடுப்பதும் காய், கீரை, பழத்தை நிறுத்துவதும் கூடாது. முதல் ஆறு மாதம் பாலூட்டும் தாய்க்கு நாளைக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும். கர்ப்பிணியாக இருந்தபோது வேண்டியதைவிட இது அதிகம். கவனம் முழுவதும் பிள்ளைமேல் திரும்பிவிடும் அந்த மாதங்களில்தான் அவள் அதிகம் சாப்பிட வேண்டியிருக்கிறது.

ஆறு மாதம் முடியும்போது வருவதுதான், என் கணிப்பில், இருப்பதிலேயே கவனிக்கப்படாத ஆபத்து. தாயிடமிருந்து சேர்த்து வைத்த இரும்பு தீர்ந்துவிட்டது. தாய்ப்பால் தொடர வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. கோயிலில் சோறூட்ட நல்ல நாள் பார்த்து ஏழாம் மாதம், எட்டாம் மாதம் என்று தள்ளுகிறோம். ஊட்டத் தொடங்கினாலும் பருப்புத் தண்ணீர், ரசஞ்சாதத்தின் தெளிவு, டீயில் நனைத்த பிஸ்கட். அந்த வயதில் வயிறு கொள்வது ஏறத்தாழ 200 மில்லி. அதைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் சாப்பாட்டுக்கு இடம் ஏது? ஒரு சோதனை செய்து பாருங்கள்: கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் வழிந்து ஓடக் கூடாது, மெதுவாக நழுவ வேண்டும். பருப்பின் தெளிவை விட்டுவிட்டுப் பருப்பை மசியுங்கள். ஒரு சொட்டு நெய், மசித்த கீரை, பிறகு முட்டை. ஒரு வயதுவரை பசும்பாலை முக்கியப் பாலாகக் கொடுக்க வேண்டாம். இந்தியாவில் 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் போதுமான உணவு பெறுவோர் 11.3 சதவீதம்தான். அரிசி இல்லாத வீட்டுக் குழந்தைகள் மட்டும் இப்படி இல்லை. கெட்டியாக, பலவகையாக, அடிக்கடி ஊட்டப்படாத குழந்தைகளும் இதில் அடக்கம்.

1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஒரு எளிய வழியைக் கையாண்டது. குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை ஏறாமல் நின்ற குழந்தைக்கு, அது எலும்பும் தோலும் ஆகும்வரை காத்திராமல், உடனே கூடுதல் உணவு கொடுத்தார்கள். அங்கன்வாடியில் இன்றும் எடை போடுகிறார்கள். வளர்ச்சி வரைபடத்தில் கோடு மேலே போகாமல் படுத்திருந்தால், பிள்ளை பார்க்கக் கொழுகொழுவென்று இருந்தாலும் விசாரிக்க வேண்டும். கைநாடாவில் மேல்கைச் சுற்றளவு பதினொன்றரை சென்டிமீட்டருக்குக் கீழே வந்தால் அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. சத்துமாவு மட்டும் போதாது, மருத்துவர் பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இன்று அந்த அட்டையைப் பையிலிருந்து எடுங்கள். கணவரோ மாமியாரோ, யாராவது ஒருவர் ஹீமோகுளோபின் என்று போட்டிருக்கும் கட்டத்தைப் பாருங்கள். 11க்குக் கீழே இருந்தால் இந்த வாரமே செவிலியரைப் பாருங்கள். 7க்குக் கீழே இருந்தால் நாளைக்குத் தள்ளாதீர்கள். இப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.