மின்னணு இலக்கும் துப்பாக்கிப் பயிற்சியும்

கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019 ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றார். அவர் வென்ற 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பிரிவில், இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலமே உடையது.

முற்காலத்தில் இலக்கு வெறும் அட்டை. சுட்டபின் அதனைத் தம்மிடம் வரவழைத்துப் பார்ப்பர். இன்றோ மின்னணு இலக்கு. அதில் ஒருவகை, குண்டு துளைக்கும் ஒலி நுண்ணிய ஒலிவாங்கிகளை வந்தடையும் நேர வேறுபாட்டைக் கொண்டு, பட்ட இடத்தைக் கணக்கிடுகிறது. மதிப்பெண் உடனே வீரரின் அருகிலுள்ள திரையில் தோன்றும்.

முன்பு தகுதிச் சுற்றில் 10.1, 10.9 ஆகிய இரண்டும் பத்தாகவே கொள்ளப்பட்டன. 2013 முதல் தசமமும் கணக்கிடப்படுகிறது. 60 முறை சுடுகையில் அவ்வேறுபாடு 48 புள்ளிகள் வரை பெருகும்! பத்தைத் தொட்டால் போதும் என்று இனி இருக்க இயலாது.

திரை உதவிதான், இடரும் அதுவே. ஒரு குண்டு இடப்புறம் விலகியதும் குறிபார்க்கும் கருவியைத் திருப்புவோர், அடுத்ததை வலப்புறம் இழப்பர். ஆகவே, விசையை அழுத்திய பின்னும் சிறிது நேரம் அசையாது நின்று, குண்டு எங்குச் சென்றிருக்கும் என்று மனத்துள் கூறிக்கொண்ட பின்னரே திரையை நோக்குதல் வேண்டும். இடப்புறம் என்று மனம் முன்பே கூறியிருப்பின், பிழை கையினுடையது, கருவியைத் தொடலாகாது. நடுவில் பட்டதாக நம்பிய குண்டுகள் தொடர்ந்து ஒரே பக்கம் விலகினால் மட்டுமே கருவியைத் திருத்த வேண்டும்.