பிரதேச சபையிடம் கேட்கலாம், பேஸ்புக்கிடம்?

வகுப்பில் விண்ணப்பக் கடிதம் எழுதும் பயிற்சி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச சபைக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். ஒரு மாணவன் எழும்பி, "சேர், பேஸ்புக்குக்கு இப்படி எழுத ஏலாதா?" என்றான்.

ஏலாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் பகிரங்க அதிகார சபைகளுக்கானது. கேட்ட தகவலைத் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவை தீர்மானிக்க வேண்டும். தனியார் கம்பனி என்றால், அதில் அரசுக்கு 25 வீதமாவது பங்கு இருக்க வேண்டும். அல்லது அரசோடு ஒப்பந்தம் செய்து பொதுச் சேவை நடத்த வேண்டும். கலிபோர்னியக் கம்பனி இதற்குள் அகப்படாது.

இது வெறும் சட்ட நுணுக்கம் அல்ல. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கருத்தடை மாத்திரை கலந்ததாகக் கதை பரவி, பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. சாப்பாட்டில் இருந்தது வெறும் மாவுக் கட்டி என்று பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அறிவித்தார். பிறகு அறிவித்து என்ன? மார்ச் தொடக்கத்தில் திகன எரிந்தது. நாவலப்பிட்டிக்கு இந்தப் பக்கம் இருக்கிற நமக்கு அது தூரத்துச் செய்தி அல்ல.

சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்புப் பதிவுகளைப் பற்றி முறையிட்டவர்களுக்கு, அவை விதிகளை மீறவில்லை என்ற பதில் வந்ததும் உண்டு. அதே ஆண்டு ஏப்ரலில் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையமும் வேறு சிவில் அமைப்புகளும் பேஸ்புக்குக்குப் பகிரங்கக் கடிதமே எழுதின. அரசாங்கத்தின் கையில் இருந்ததோ ஆளி ஒன்றுதான்: மார்ச் 7 தொடக்கம் 15 வரை பேஸ்புக்கை முடக்கியது. வட்ஸ்அப்பும் சேர்த்து முடக்கப்பட்டதால், சொந்தங்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று விசாரிக்கும் வழியும் அடைபட்டது.

கம்பனி மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். அதுவும் தானே ஏற்பாடு செய்த ஆய்வு ஒன்றின் பின்னர்.

2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என் சொந்தத் தரவைப் பற்றியது. 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பதிவுகளை நீக்கச் சொல்லும் அதிகாரத்தை ஜனாதிபதி நியமிக்கும் ஐவர் ஆணைக்குழுவிடம் கொடுக்கிறது. எனக்கு இது கூடுதல் பயத்தைத்தான் தருகிறது. சிங்களம், தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் அங்கே வேலை செய்கிறார்கள், கண்டியிலிருந்து போன முறைப்பாடுகளைப் பார்க்க எத்தனை நாள் எடுத்தது என்று குடிமகன் கேட்க, இரண்டிலும் வழியில்லை.

அந்த மாணவன் இந்த இரண்டு கேள்விகளையும் அழகாகவே எழுதியிருந்தான். பெறுநர் என்ற இடத்தில் மட்டும் பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.