அடுக்களையில் திருவருகைக் காலம்

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு வந்ததும் பீடத்தில் ஊதா நிறம் விளங்குகிறது. பாடகர் குழுவினர் பயிற்சி தொடங்குகின்றனர். இளைஞர்கள் குடில் அமைக்க வைக்கோல் தேடுகின்றனர். ஆயினும் கிறிஸ்து பிறப்பு விழாவின் ஆயத்தம் முதன்முதல் தொடங்கும் இடம் ஆலயமன்று, அடுக்களையே என்பதை இல்லந்தோறும் சென்று வரும் நாம் நன்கறிவோம். அரிசிப் பானையைச் சாய்த்துப் பார்த்து, விரல் மடித்துக் கணக்கிடும் தாயின் நெற்றிச் சுருக்கமே இப்பகுதியில் விழாவின் முதல் அறிகுறி.

வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இக்கணக்கு பிற ஊர்களைவிடக் கடினமானது. வைப்பாறு பாய்ந்தும் வானம் பார்த்தே வாழும் கரிசல் பூமி இது. உழவு தராத கூலியைப் பட்டாசும் தீப்பெட்டியும் தருகின்றன. பட்டாசுத் தொழிலின் ஆண்டோ தீபாவளியோடு முடிகிறது. போனஸ் அதற்கு முன்னரே கைக்கு வந்து, வந்த வேகத்தில் கரைந்துவிடுகிறது. தீபாவளிக்குப்பின் ஆலைகள் சில வாரங்கள் அடைக்கப்படுகின்றன. திறந்தாலும், வெயிலின்றி மருந்து உலராத அடைமழை நாட்களில் வேலை குறைவு. உலகம் முழுதும் விருந்துக்கு ஆயத்தமாகும் டிசம்பர் மாதம், நம் மக்களுக்குக் கை வறண்ட மாதம்.

2018-ஆம் ஆண்டை எவரும் மறந்திரார். அவ்வாண்டு அக்டோபர் 23-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுகளுக்கும் சரவெடிகளுக்கும் தடை விதித்தது. தீபாவளி கழிந்ததும் ஆலைகள் மாதக் கணக்கில் மூடிக் கிடந்தன. அந்தக் கிறிஸ்துமசுக்கு மளிகைக் கடைப் பற்றேட்டில் எழுதாத குடும்பம் அரிது. விழா ஒரு நாளில் முடிந்தது. பற்று பல மாதம் தொடர்ந்தது.

கடனில் பொரித்த பலகாரம் இனிக்குமோ? முன்னோர் வேறு வழி அறிந்திருந்தனர். 1966-ஆம் ஆண்டு பாப்பிறை ஆறாம் சின்னப்பர் தவ ஒழுங்குகளைத் திருத்துமுன், விழாவிற்கு முந்திய நாள் ஒருசந்தியும் சுத்தபோசனமும் காக்கப்பட்டன. பலகாரம் அடுக்கில் நிறைந்திருக்கும். நள்ளிரவுத் திருப்பலி முடியும்வரை பிள்ளைகள் அதைத் தொடார். வயிற்றைக் காயவிட்ட பின்னரே விருந்து என்பது அவர்கள் கண்ட முறை. செலவுக்கு முன் சேமிப்பு என்பதும் அம்முறையின் மறுபக்கமே.

ஆகவே, தாய்மாரே, அடுக்களையை நிரப்புவதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். எல்லாவற்றையும் கடைசி வாரத்தில் வாங்க முற்பட்டால் விலையும் அழுத்தும், கடனும் அழுத்தும். கெடாதவற்றை முதலில் வாங்குங்கள். பாசிப்பயறு, உளுந்து, எள், மிளகாய் வற்றல் ஆகியவற்றைப் போனஸ் கையில் உள்ளபோதே வாங்கி, வெயில் கண்ட நாளில் காயவைத்து, உலர்ந்த வேப்பிலையிட்டு மூடி வைக்கலாம். கருப்பட்டி ஈரக்காற்றில் கசியும். ஓலைப்பெட்டியிலிட்டு அடுப்பின் வெம்மை படும் பரணில் வைப்பதே பாட்டிமார் கண்ட வழி. முறுக்குக்கு நியாயவிலைக் கடையில் கிடைக்கும் புழுங்கல் அரிசியே போதும். ஊறவைத்து அரைத்தால் உயர்ந்த அரிசிக்கு அது தாழ்ந்ததன்று. அதிரசத்துக்கு மட்டும் பச்சரிசி மாவு ஈரம் மாறாதிருத்தல் வேண்டும். பாகு கிளறி ஓரிரு நாள் ஊற வேண்டுமாகையால் விழாவுக்கு நான்கு நாள் முன்னர் தொடங்கினால் போதும். தேங்காயும் காய்கறியும் இறைச்சியும் கடைசியில். கேக் வாங்க இயலாத வீட்டில் குழந்தை இயேசு கோபிப்பாரல்லர்.

இங்கே கடுமையான ஒரு சொல்லும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். விழாச் செலவுக்கெனச் சிலர் மருந்தையும் திரியையும் வீட்டுக்குக் கொணர்ந்து, மறைவாய் வேலை செய்கின்றனர். அடுப்பெரியும் கூரையின்கீழ் மருந்து இருக்கலாகாது; சட்டமும் அதை அனுமதிப்பதில்லை. ஒரு சட்டி எண்ணெய் வாங்கப் பிள்ளையின் உயிரைப் பணயம் வைப்பது ஆயத்தமன்று, அறியாமை. 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளத்திலும், 2024 பிப்ரவரி 17-இல் இராமுத்தேவன்பட்டியிலும் உரிமம் பெற்ற ஆலைகளிலேயே வெடிவிபத்து நேர்ந்து, முன்னதில் இருபதுக்கு மேற்பட்டோரும் பின்னதில் 10 பேரும் மாண்டதை நாடறியும். ஆலையிலேயே அப்படியெனில் அடுக்களையில் எப்படி?

அத்தகைய விபத்தொன்றில் மகனை இழந்த ஒரு தாயை டிசம்பர் மாதத்தில் காணச் சென்றோம். துக்க வீட்டில் அவ்வாண்டு எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை என்பது நம் மக்கள் வழக்கம். "சாமி, இந்த வருஷம் எங்க வீட்ல பலகாரம் இல்ல. ஆனா வாசல்ல கோலம் போடுவேன். பாலன் பிறக்கறத நான் ஏன் மறைக்கணும்?" என்றார் அவர். விழாக் காலையில் நாம் மீண்டும் சென்றபோது திண்ணையில் ஏழு பாத்திரங்கள் இருந்தன. அண்டை வீட்டார் கொணர்ந்தவை. அவற்றுள் ஐந்து இந்துச் சகோதரர் இல்லங்களினின்று வந்தவை. முந்திய தீபாவளிகளில் அவர்கள் தந்த பலகாரத்துக்குப் பதிலாக ஆண்டுதோறும் கிறிஸ்துமசுக்கு இவர் அனுப்பியதை அவர்கள் மறக்கவில்லை. வெறும் பாத்திரத்தைத் திருப்பலாகாதென்று, ஒவ்வொன்றிலும் ஒரு பிடி சீனி இட்டு அத்தாய் திருப்பியனுப்பியதை நம் கண்ணால் கண்டோம்.

சாரிபாத்து ஊர்க் கைம்பெண்ணின் மாவுப் பானையும் எண்ணெய்க் கலயமும் அன்று நம் நினைவுக்கு வந்தன. இருந்ததில் ஒரு பிடி எலியாவுக்கு அளித்தாள், பானை வற்றவில்லை. பிடியரிசி எடுக்கும் வழக்கம் நம் பங்குகளுக்குப் புதிதன்று. நாளொன்றுக்கு ஒரு பிடி, ஏறத்தாழ 50 கிராம், தனியே எடுத்தால் 28 நாளில் 1.4 கிலோ சேரும். 20 வீடுகள் சேர்ந்தால் 28 கிலோ. எண்ணெய்ச் சட்டி வைக்க இயலாத வீடுகளுக்கு அது விழாச் சோறு.

பெத்லகேம் என்னும் சொல்லுக்கு எபிரேய மொழியில் அப்பத்தின் வீடு என்பது பொருள். அவ்வூரிலே பிறந்தவர் கிடத்தப்பட்ட இடமோ தீவனத் தொட்டி. உங்கள் அடுக்களையில் அடுக்குகளை நிரப்பும்போது, தெருவில் எவ்வீட்டில் இவ்வாண்டு அடுப்பு மூட்டப்படாது என்பதையும் எண்ணிப் பாருங்கள். அவ்வீட்டுக்கென ஒரு பாத்திரத்தை இன்றே கழுவி வையுங்கள்.