கோப்பையினும் பெரியதொரு கைகுலுக்கல்

விளையாட்டில் வென்றவரை உலகம் சில நாள் கொண்டாடும், பின்பு மறந்துவிடும். ஆயினும், 1963 ஆம் ஆண்டில் கல்லூரி மாணவர் சிலர் ஆடிய கூடைப்பந்தாட்டத்தை அமெரிக்க மக்கள் இன்றளவும் நினைவுகூர்கின்றனர். அவர்கள் வென்ற கோப்பை மட்டும் அதற்குக் காரணம் அன்று.

சிக்காகோ நகரிலுள்ள லொயோலா பல்கலைக் கழகம், இயேசு சபைக் குருக்கள் 1870 இல் தோற்றுவித்த கல்விக்கூடம். அதன் கூடைப்பந்து அணிக்கு ஜார்ஜ் அயர்லாந்து என்பவர் பயிற்சியாளராய் இருந்தார். கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொண்ட கல்லூரிகள்கூட, அவர்களுள் இரண்டு மூன்று பேருக்கு மேல் ஒருசேரக் களத்தில் இறக்குவதில்லை என்பது அக்காலத்து எழுதாச் சட்டம். அயர்லாந்து அதைப் பொருட்படுத்தவில்லை. அவர் தேர்ந்த முதல் ஐவரில் ஜெரி ஹார்க்னஸ், லெஸ் ஹன்டர், விக் ரவுஸ், ரான் மில்லர் ஆகிய நால்வர் கறுப்பினத்தவர். ஜான் ஈகன் ஒருவரே வெள்ளையர்.

இதற்கு அம்மாணவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. தென் மாநிலங்களுக்கு ஆடச் சென்றபோது, கறுப்பினத்தவர் தம் வெள்ளைத் தோழரோடு ஒரே விடுதியில் தங்க இயலாத நிலை இருந்தது. பார்வையாளரின் வசைமொழிகள் அவர்கள் காதில் விழுந்தன. அணித் தலைவர் ஹார்க்னசுக்கு மிரட்டல் கடிதங்களும் வந்தன. ஆயினும் அணி வென்றுகொண்டே சென்றது. தேசியப் போட்டியின் முதல் ஆட்டத்தில் டென்னசி டெக் அணியை 111–42 என்று தோற்கடித்தது.

அடுத்து எதிர்கொள்ள வேண்டியது மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக் கழக அணி. அவ்வணியினர் அனைவரும் வெள்ளையர். 1959, 1961, 1962 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தங்கள் வட்டாரத்தில் முதலிடம் பெற்றிருந்தும், கறுப்பினத்தவர் ஆடும் போட்டி என்பதால் அவர்கள் தேசியப் போட்டிக்குச் செல்லவில்லை. 1962 இல் ஜேம்ஸ் மெரிடித் என்ற ஒரு கறுப்பின மாணவர் அதே மாநிலத்தின் மற்றொரு பல்கலைக் கழகத்தில் சேர வந்ததற்காகக் கலகம் மூண்டு, இருவர் உயிரிழந்தனர். அத்தகைய சூழலில்தான், "இம்முறை நம் மாணவர் செல்வர்" என முடிவு செய்தார் பல்கலைக் கழகத் தலைவர் டீன் கொல்வார்டு. ஆளுநர் எதிர்த்தார், நீதிமன்றத் தடையாணையும் பெறப்பட்டது. அவ்வாணை கைக்கு வருமுன்னே கொல்வார்டும் பயிற்சியாளர் பேப் மெக்கார்த்தியும் மாநில எல்லையைக் கடந்தனர். மாணவர்களும் எவர் கையிலும் அகப்படாமல் விமானம் ஏறினர்.

மார்ச் 15 அன்று மிச்சிகன் மாநிலத்து ஈஸ்ட் லான்சிங் நகரில் இரு அணிகளும் சந்தித்தன. ஆட்டம் தொடங்குமுன் நடுக்களத்தில் ஹார்க்னசும் மிசிசிப்பி அணித் தலைவர் ஜோ டான் கோல்டும் கைகுலுக்கினர். சுற்றிலும் நிழற்படக் கருவிகள் பளிச்சிட்டன. இது வெறும் ஆட்டம் அன்று என்பதை அக்கணமே உணர்ந்ததாக ஹார்க்னஸ் பின்னாளில் கூறினார். பூசல் ஏதுமின்றி ஆட்டம் நடந்தது. லொயோலா 61–51 என வென்றது.

மார்ச் 23 அன்று லூயிவில் நகரில் இறுதியாட்டம். முந்திய இரண்டாண்டுகளும் கோப்பையை வென்ற சின்சினாட்டி அணி எதிரே நின்றது. லொயோலா ஒரு கட்டத்தில் 15 புள்ளிகள் பின்தங்கியது. நெடுநேரம் ஒரு கூடையும் போடாதிருந்த ஹார்க்னஸ், கடைசி நொடிகளில் பந்தைக் கூடைக்குள் செலுத்தி ஆட்டத்தைச் சமன் செய்தார். கூடுதலாக ஐந்து நிமிடங்கள் தரப்பட்டன. அவற்றின் முடிவில் பந்து மீண்டும் ஹார்க்னசிடம் வந்தது. எதிரி மறித்து நின்றதால், புகழைத் தமக்கென நாடாமல் அதை ஹன்டரிடம் கொடுத்தார். ஹன்டர் எறிந்தது தவறிற்று. ரவுஸ் பாய்ந்து பிடித்துக் கூடைக்குள் இட்டார். 60–58! மாற்றாள் எவரும் இன்றி ஐவரே 45 நிமிடமும் ஆடி வென்றனர்.

ஆண்டுகள் உருண்டன. 1965 இல் மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக் கழகம் தன் முதல் கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொண்டது. 2011 இல் கோல்டு மறைந்தார். அடக்கச் சடங்கிற்குச் சென்ற ஹார்க்னஸ் அங்கே கண்டது என்ன? சவப்பெட்டியின் அருகே, 1963 இல் இருவரும் கைகுலுக்கிய அந்தப் படம்! தோற்ற ஆட்டத்தின் படத்தை ஒருவர் குடும்பம் அவ்விடத்தில் வைப்பதெனில், அவர் அதை எத்துணை உயர்வாய்ப் போற்றியிருக்க வேண்டும்! ஹார்க்னசும் 2021 இல் இறைவனடி சேர்ந்தார்.

அன்பு பெற்றோரே, அன்று தடையாணை பெற்றவர்கள் வளர்ந்தவர்கள், கைநீட்டியவர்கள் இளைஞர்கள். "அவனோடு சேராதே, அவர்கள் வீட்டுப் பிள்ளையோடு ஆடாதே" என்னும் சொல் குழந்தைகளுக்குத் தாமாகத் தோன்றுவதில்லை. பெரியவர் வாயிலிருந்தே அதனைக் கற்கின்றனர். நம் பிள்ளைகள் ஆடச் செல்லும் மாலை வேளையில், அத்தகைய தடையாணை ஏதும் நம் வீட்டு வாயிற்படியில் பிறவாதிருக்கட்டும்.