மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள்!

நியூயார்க் நகரம். 1903-ம் ஆண்டு அக்டோபர் மாதம். அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டம் நடந்துகொண்டிருந்தது.

பேராசிரியர் கோல் பேச அழைக்கப்பட்டார். எழுந்தார். ஆனால், பேசவில்லை!

நேரே கரும்பலகைக்குப் போனார். 67 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினார். அதில் 1-ஐக் கழித்தார். 21 இலக்க எண் வந்தது:

147573952589676412927

பிறகு, பக்கத்தில் 193707721 என்று எழுதினார். அதன் கீழே 761838257287 என்று எழுதினார். இரண்டையும் பெருக்கினார்.

என்ன ஆச்சரியம்! அதே எண்!

வாய் திறவாமல் போய் உட்கார்ந்தார் கோல். மண்டபமே கைதட்டியது. ஈ.டி. பெல் என்ற கணித அறிஞர் இதை எழுதி வைத்திருக்கிறார்.

எதற்குக் கைதட்டல்?

15-ஐ 3, 5 என்று பிரிக்கலாம். 7-ஐ அப்படிப் பிரிக்க முடியாது. 7 போன்ற எண்ணுக்குப் "பகா எண்" என்று பெயர்.

கோல் எழுதிய பெரிய எண்ணும் பகா எண்தான் என்று 1644-ல் பிரான்சு நாட்டுத் துறவி மெர்சென் எழுதினார். அது தவறு என்று 1876-ல் லூகாஸ் காட்டினார். ஆனால், அதை எப்படிப் பிரிப்பது என்று அவர் சொல்லவில்லை. கோல் பிரித்துவிட்டார்!

"எவ்வளவு காலம் ஆயிற்று?" என்று பின்னர் பெல் கேட்டார். மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என்றார் கோல்!

கம்ப்யூட்டரும் திணறும்!

இன்று அதே எண்ணைப் 'பாரி' என்ற கணித மென்பொருளிடம் கொடுத்தால், கண் மூடித் திறப்பதற்குள் விடை வந்துவிடும்.

ஆனால், இலக்கங்கள் கூடக் கூட கம்ப்யூட்டரும் திணறும். 2020-ல் 250 இலக்க எண் ஒன்றைப் பிரித்தார்கள். பல கம்ப்யூட்டர்கள் சேர்ந்து உழைத்தன. செயலியின் ஒரே ஒரு 'கோர்' தனியாகச் செய்திருந்தால், சுமார் 2,700 ஆண்டுகள் ஆகியிருக்கும்!

பணத்துக்குக் காவல்

இந்தத் திணறலையே பூட்டாக்கினார்கள் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மேன் என்ற மூவர். ஆண்டு 1977.

இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்க வேண்டும். பெருக்கி வந்த எண்ணை ஊருக்கே காட்டலாம். பெருக்கிய இரண்டு எண்கள் மட்டும் ரகசியம். அவைதான் சாவி!

இணையத்தில் போகும் பணத்தையும் கடிதத்தையும் காக்கும் பூட்டுகளில் இதுவும் ஒன்று. இதற்கு 617 இலக்க எண்கள் சாதாரணம்.

பெருக்குவது எளிது. பிரிப்பதுதான் கஷ்டம். கோலின் ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கிய அந்தக் கஷ்டம்தான், இன்று நம் பணத்துக்குக் காவல்!