டீ ஆறுவதற்குள் ஒரு விநாடி

டீ டம்ளரை மேசையின் இடது ஓரத்தில் வைப்போம். நாலு புத்தகத்தை அடுக்கி, அதன் மேல் செல்போனைச் சாய்த்து, டீயின் மேற்பரப்பும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுப்போம். டம்ளரை ஒரு விரற்கடை வலப்பக்கம் தள்ளிக் கையை எடுத்துவிட்டு இன்னொரு போட்டோ. மறுபடி தள்ளல், மறுபடி போட்டோ. இப்படி 24 முறை. எல்லாவற்றையும் வரிசையாகக் கோத்து ஓட்டினால் டம்ளர் தானாக மேசையில் ஊர்ந்துபோகும். சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 படம் என்பது கணக்கு. ஆகவே நம் கையில் இருப்பது ஒரு விநாடி நீளமுள்ள சினிமா.

அக்கா மகளோடு உட்கார்ந்து இதைச் செய்து பார்த்தேன். ஏழாவது படிக்கிறாள். முந்தின நாள் ராத்திரி 'கோரலைன்' என்ற பொம்மைப் படத்தைப் பார்த்திருந்தாள், அதனால் வந்த வினை. ஒவ்வொரு தடவையும் அவள் கை செல்போனில் இடித்து, புத்தகம் சரிந்து, 24 படம் எடுத்து முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. ஓட்டிப் பார்த்தோம். டம்ளர் நகர்ந்தது. ஆனால் அந்த ஒரு விநாடிக்குள் டீயின் மேல் ஆடை படிந்து, சுருங்கி, ஓரத்தில் ஒதுங்கிவிட்டது. "டம்ளர் நகருது மாமா, டீக்கு வயசாகுது" என்றாள்.

இப்படி நகர்த்தி நகர்த்தி எடுக்கும் ஸ்டாப் மோஷன் படங்களைப் பற்றி நான் படித்தவற்றில் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லவில்லை. அவள் சொன்னதைப் பிடித்துக்கொண்டே மேலே நடப்போம்.

டம்ளரின் இடத்தில் ஒரு பொம்மையை நிறுத்துங்கள். அதற்குள் 'ஆர்மேச்சர்' என்று ஒரு உலோக எலும்புக்கூடு இருக்கும். தோள், கழுத்து எல்லாம் நம் தோள்பட்டை மாதிரியே பந்தும் கிண்ணமுமான மூட்டுகள். பழைய மேசை விளக்கின் கழுத்தை நினைத்துக்கொள்ளலாம்: வளைத்தால் வளையும், விட்டால் விட்ட இடத்தில் நிற்கும். மேலே ஸ்பான்ஜோ சிலிக்கோனோ வைத்துச் சதை, அதன் மேல் தைத்த உடுப்பு. பாதத்தைத் தரைக்கு அடியிலிருந்து திருகாணி போட்டு இறுக்கியிருப்பார்கள். பிறகு டம்ளருக்குச் செய்ததேதான். 90 நிமிடப் படம் என்றால் ஏறக்குறைய 1,30,000 படங்கள். ஒரே நிலையை இரண்டு படத்துக்கு வைத்துக்கொண்டால் வேலை பாதி குறையும், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அப்படியும் ஒரு கலைஞரின் ஒரு வார உழைப்பு திரையில் சில விநாடிதான் ஓடும்.

கணினியில் செய்யும் படத்திலும் உழைப்புக்குக் குறைவில்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே பாத்திரம் எண்களாக இருக்கிறது. புருவம் சரியில்லை என்று ஆறு மாதம் கழித்துத் தோன்றினாலும் திருத்தலாம். ஸ்டாப் மோஷனில் பொம்மை நடந்து முடித்துவிட்டால் முடித்ததுதான். 200-வது படத்தில் பொம்மை சாய்ந்துவிட்டால் பெரும்பாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மாவை இன்னொரு சுற்று அரைக்கலாம், வெந்த இட்லியை அரைக்க முடியாது.

சரி, இப்போது எல்லோருக்கும் இருக்கும் குழப்பத்துக்கு வருவோம். இந்தப் பொம்மைப் படங்கள் ஏன் ஒரு மாதிரி இருட்டாகவும் கோணலாகவும் இருக்கின்றன? கேட்டால் உடனே வரும் பதில்: "கதை அப்படி. டைரக்டர் டிம் பர்ட்டன் மண்டை அப்படி." இதில் சின்னப் பிழை ஒன்று, பெரிய பிழை ஒன்று. சின்னதை முதலில் தீர்த்துவிடலாம். 1993-இல் வந்த 'தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்' படத்தை இயக்கியவர் ஹென்றி செலிக். பர்ட்டன் அதற்கு மூலக் கதை தந்தவர், தயாரிப்பாளர். 2009-இல் வந்த 'கோரலைன்' படமும் செலிக் இயக்கியதுதான். பாவம் மனிதர், இரண்டையும் செய்துவிட்டு இரண்டுக்கும் இன்னொருவர் பெயரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பெரிய பிழை, இருட்டு கதையில் இருக்கிறது என்று நினைப்பது. இதைச் சோதிக்க 1910-க்குப் போக வேண்டும், லித்துவேனியாவின் காவ்னாஸ் நகருக்கு. அங்கே ஓர் அருங்காட்சியகத்தை நடத்திவந்த விளாடிஸ்லாவ் ஸ்டாரவிச், மான் கொம்பு மாதிரி தாடை நீண்ட வண்டுகள் சண்டை போடுவதைப் படம்பிடிக்க ஆசைப்பட்டார். அவை இரவில் நடமாடுகிறவை. விளக்கைப் போட்டதும் அசையாமல் கிடந்தன. மனிதர் சளைக்கவில்லை. செத்த வண்டுகளை எடுத்து, கால்களைக் கம்பியும் மெழுகும் வைத்துப் பொருத்தி, ஒவ்வொரு படமாக நகர்த்திச் சண்டையை எடுத்துவிட்டார். 1912-இல் 'ஒளிப்பதிவாளரின் பழிவாங்கல்' என்று இன்னொன்று எடுத்தார். வண்டுக் கணவனுக்கு வெளியே ஒரு தொடர்பு, மனைவிக்கு வேறொன்று. கணவன்மேல் கடுப்பான வெட்டுக்கிளி ஒன்று கணவனின் லீலையைக் கேமராவில் பிடித்து, தம்பதியர் உட்கார்ந்திருக்கும் தியேட்டரிலேயே ஓட்டிக் காட்டிவிடுகிறது. பூச்சிகளை யாரோ பழக்கியிருக்கிறார்கள் என்று அன்றைக்குப் பார்த்தவர்களில் சிலர் நம்பினார்களாம்.

கதையைக் கவனியுங்கள். பேய் இல்லை, கொலை இல்லை, கல்லறை இல்லை. பக்கா குடும்ப நகைச்சுவை. ஆனாலும் பார்க்கும்போது முதுகில் ஏதோ ஊர்கிறது. காரணம், செத்த பூச்சி நடக்கிறது என்பது நமக்குத் தெரியும். அந்தக் கூச்சம் அந்தக் காய்ந்த காலில் இருக்கிறது.

உயிரில்லாத ஒன்றுக்கு உயிர் இருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே மனித மனம் சங்கடப்படும் என்று 1906-இல் எர்ன்ஸ்ட் யென்ட்ஷ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். அதைப் படிக்காமலே நமக்கு இது தெரியும். விஜயதசமி ராத்திரி கொலுவிலிருந்து ஒரு பொம்மையையாவது படுக்க வைத்துவிட்டுத்தான் தூங்கப் போகிறோம். மண்தான் என்று யாருக்குத் தெரியாது? இருந்தாலும் அது நின்றுகொண்டே இருக்க, நாம் விளக்கை அணைக்க மனம் வருவதில்லை.

'கோரலைன்' படத்தில் மற்றொரு அம்மா வருகிறாள், கண்ணிருக்கும் இடத்தில் பொத்தான் தைத்தவள். இதையே வரைந்து காட்டினால் துணிப்பொம்மை மாதிரி அழகாகக்கூட இருந்துவிடும். திரையில் இருப்பதோ கையால் தொடக்கூடிய ஒரு சாமான். வெளிச்சம் அதன் மேல் விழுந்து வழுக்குகிறது, துளைக்குள் நிழல் தங்குகிறது. காலையில் சட்டை போடும்போது நம் விரல் தொட்ட அதே ஜாதிப் பொருள். படம் முடிந்து அக்கா மகள் அழவெல்லாம் இல்லை. மாடிப்படி விளக்கை மட்டும் அணைக்க விடவில்லை.

இனி, அந்த நடுக்கம். பொம்மை நடந்தால் லேசாக வெட்டி வெட்டி நடக்கிற மாதிரி இருக்கும். "பழைய டெக்னாலஜி, அதான் ஜெர்க் அடிக்குது" என்பது இரண்டாவது வழக்கமான பதில். மின்விசிறியை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம். சாதாரண வெளிச்சத்தில் ஓடுகிற விசிறியைப் படமெடுத்தால் இறக்கைகள் கலங்கி ஒரு வட்டமாகத் தெரியும். இறக்கை தனித்தனியாகத் துல்லியமாக விழுந்திருந்தால், விசிறி நின்றிருந்தது என்று சின்னக் குழந்தையும் சொல்லும். நடிகர் கை வீசும்போதும் இதுதான் நடக்கிறது. சினிமா கேமராவின் கதவு ஒவ்வொரு படத்துக்கும் பொதுவாக ஒரு விநாடியில் 48-இல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கும், அதற்குள் கை நகர்ந்துவிடுவதால் படம் இழுபட்டுக் கலங்கும். இந்தக் கலங்கலுக்கு மோஷன் ப்ளர் என்று பெயர். அசைவு என்றாலே இந்தக் கலங்கல் என்று நம் கண் பழகிவிட்டது.

பொம்மையோ படமெடுத்த ஒவ்வொரு கணத்திலும் நின்றுகொண்டிருந்தது. எந்தப் படத்திலும் கலங்கல் கிடையாது. கண்ணுக்கு இரண்டு தகவல் ஒரே சமயத்தில் வருகிறது: இது நடக்கிறது, இது அசையவே இல்லை. இரண்டுமே உண்மை. இந்தப் படங்களின் ருசி முழுக்க அந்த இரண்டு உண்மைக்கும் நடுவில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இதைக் குறையாக நினைத்துச் சரிசெய்யப் பார்த்தவர்களும் உண்டு. கேமராக் கதவு திறந்திருக்கும்போதே பொம்மையை மோட்டார் வைத்து லேசாக அசைத்துக் கலங்கலை உண்டாக்கும் 'கோ மோஷன்' முறையை 1981-இல் 'டிராகன்ஸ்லேயர்' படத்துக்காகப் பில் டிப்பெட்டும் அவர் கூட்டாளிகளும் பயன்படுத்தினார்கள். 'ஜுராசிக் பார்க்' டைனோசர்களையும் அப்படித்தான் செய்வதாக இருந்தது. கணினி டைனோசரின் சோதனைக் காட்சியைப் பார்த்ததும் அந்தத் திட்டம் போயிற்று. படம் வந்தது 1993-இல். அதே வருடம்தான் 'நைட்மேர்' வந்தது, அதே வருடக் கடைசியில் ஆர்ட்மன் நிறுவனத்தின் 'தி ராங் டிரவுசர்ஸ்' வந்தது. நிஜம் மாதிரி இருக்க வேண்டும் என்ற பாரத்தைக் கணினி வாங்கிக்கொண்டதும் பொம்மைக்குத் தோள் லேசாகிவிட்டது.

அதற்கும் 60 வருடம் முன்னால், 1933-இல், 'கிங் காங்' குரங்குப் பொம்மைக்கு முயல் தோலைப் போர்த்தியிருந்தார்கள். வில்லிஸ் ஓபிரையன் அதைத் தொட்டு நகர்த்தும்போதெல்லாம் விரல் பட்ட இடத்தில் மயிர் கலைந்தது. திரையில் பார்த்தால் குரங்கின் உடம்பு ஓயாமல் சிலிர்த்துக்கொண்டே இருக்கிறது. கோபத்தில் சிலிர்க்கிறது என்று பார்த்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இந்த ஓயாத சிலிர்ப்பைத் தொழிலில் 'பாய்லிங்' என்கிறார்கள், கொதிப்பு. டீக்கடை அடுப்பில் பாலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். 2009-இல் வெஸ் ஆண்டர்சன் 'ஃபென்டாஸ்டிக் மிஸ்டர் ஃபாக்ஸ்' எடுத்தபோது, அந்தக் கொதிப்பு வேண்டும் என்றே நரிக்கு மயிர்த்தோல் போட்டார். நம் டீயில் படிந்த ஆடையும் இதே இனம்தான். இரண்டு படத்துக்கு நடுவில் ஒரு கையும் கொஞ்ச நேரமும் வந்து போயிருக்கின்றன, தடயம் மட்டும் மிஞ்சுகிறது.

'கோரலைன்' முகங்களை முப்பரிமாண அச்சில் எடுத்தார்கள். நெற்றி தனி, வாய் தனி, மாற்றி மாற்றிப் பொருத்தலாம். இரண்டும் சேரும் கோட்டைப் பிறகு கணினியில் அழித்துவிட்டார்கள். 2015-இல் வந்த 'அனோமலிசா' அந்தக் கோட்டை அழிக்காமல் விட்டது. எனக்கு 'அனோமலிசா'வின் கோடுதான் பிடிக்கிறது. 'கோரலைன்' எடுத்த லைக்கா நிறுவனத்தின் பிந்தைய படங்கள் எவ்வளவு வழவழப்பாகிவிட்டன என்றால், கணினிப் படம் என்றே பலர் நினைத்துவிடுகிறார்கள். இத்தனை பேர் கை நோக உழைத்தது இதற்கா என்று தோன்றும்.

பெரிய ஸ்டூடியோக்கள் ஏன் இந்த இருட்டுப் பக்கம் அதிகம் வருவதில்லை என்பதற்குப் பணம் ஒரு காரணம். 2009-இல் பிக்ஸாரின் 'அப்' என்ற கணினிப் படத்துக்குச் சுமார் 17.5 கோடி டாலர் செலவு, 'கோரலைன்' படத்துக்குச் சுமார் 6 கோடி. 'அப்' அளவுக்குப் பணம் போட்டால் நாலு வயதுப் பிள்ளை முதல் பாட்டி வரை எல்லோரும் வந்தாக வேண்டும், யாரும் பயந்து எழுந்து போகக்கூடாது. குழந்தை இருக்கும் வீட்டில் மேசை முனைக்கு ரப்பர் ஒட்டுகிற மாதிரி, கதையின் முனைகளுக்கும் ரப்பர் ஒட்ட வேண்டியிருக்கிறது. ('அப்' ஆரம்பத்தில் கதாநாயகனான கிழவரின் கல்யாண வாழ்க்கை வரும் சில நிமிடங்களை மட்டும் இதில் சேர்க்க மாட்டேன்.) குழந்தைகள் மிரண்டுவிடுவார்கள் என்று பயந்து 'நைட்மேர்' படத்தை டிஸ்னி தன் பெயரில் வெளியிடாமல் டச்ஸ்டோன் என்ற பெயரில் வெளியிட்டது. இன்று அதன் நாயகனான எலும்புக்கூடு ஜாக்கின் படம் போட்ட பனியனை டிஸ்னியே விற்கிறது.

அப்படியானால் 'வாலஸ் அண்ட் குரோமிட்' படங்களில் இருட்டு எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. களிமண் பொம்மைகள், கன்னத்தில் விரல் ரேகைகூடத் தெரியும், பார்த்தாலே மனம் இளகுகிறது. தொட்ட கை அன்பான கை என்று தெரிவதால் வரும் இளக்கம் அது. ஆனால் அந்த வரிசையிலேயே வந்த 'தி ராங் டிரவுசர்ஸ்' படத்தில் வாடகைக்கு வரும் பென்குவினைப் பாருங்கள். பேச்சு கிடையாது, கண் இரண்டும் கறுப்பு மணி. பெரும்பாலும் சும்மா நிற்கிறது. ஆள் நடித்தால் சும்மா நிற்கும்போதும் மூச்சு தெரியும். பொம்மை நிற்கும்போது எதுவுமே தெரியாது, நிற்பதுதான் அதன் சொந்தக் குணம். என் கணக்கில் 1993-இன் பயங்கர வில்லன் அந்தப் பென்குவின்தான், டைனோசர் இல்லை.

லைக்காவின் 'தி பாக்ஸ்ட்ரோல்ஸ்' 2014-இல் வந்தது. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, இரண்டு அடியாட்கள் தெருவில் நின்று, நம்மை யாரோ ராட்சதர்கள் ஆட்டுவிக்கிறார்களோ என்று தத்துவம் பேசுகிறார்கள். கேமரா மெல்லப் பின்வாங்குகிறது. அரங்கு முடிகிறது, விளக்குகள் தெரிகின்றன, நடுவில் பொம்மைகளை நகர்த்தும் மனிதர் தெரிகிறார், நிறுவனத்தின் தலைவரான டிராவிஸ் நைட். பொம்மைகள் நிதானமாகக் கை ஆட்டிப் பேசிக்கொண்டிருக்க, அவர் மட்டும் இங்கே தோன்றி, அங்கே தோன்றி, விட்டு விட்டு மின்னி மறைகிறார்.

அதைப் போட்டுக் காட்டினேன். அக்கா மகள் பொம்மைகளைப் பார்க்கவே இல்லை. அவரைக் காட்டி, "அது யாரு மாமா, பேய் மாதிரி?" என்றாள்.